வட்டமாகப் போட்ட கையெழுத்து

எங்கள் காலனி இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளர் ஆனதற்குக் காரணம் என்னுடைய சமூக அக்கறை என்று பிற்பாடு சிலர் மேடையில் பேசியிருக்கிறார்கள். உண்மையான காரணம் என் கையெழுத்து. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுத்து மட்டும் என்னை விடாமல் அழகாகவே இருந்தது. மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெயர்ப் பலகை, காய் குறைந்த ஒரு கேரம் போர்டு, நாட்டைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்ட பதினோரு பேர்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ரைஸ் மில். புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறப்போட்ட தண்ணீரைத் தினமும் வெளியே திறந்துவிடுவார்கள். மில்லுக்குத் தெற்கே நல்ல பள்ளம் இருந்தது. ஆனால் அது ஊர்க்காரர்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லை. அதனால் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அந்தத் தண்ணீரை மரியாதையாகக் காலனிக் கிணற்றின் ஓரம்வரை அழைத்துக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் தண்ணீர்கூட யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பாயும். கிணற்றில் இறைத்தால் அழுகின நெல் வாடை. குழந்தைகளுக்கு மாசத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு.

மனு கொடுப்பது என்று மன்றம் தீர்மானம் போட்டது. எழுத வேண்டியவன் நான். என் அம்மாவோ அதே மில்லின் களத்தில் நெல் காயவைக்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான். மனுவில் என் பெயர் தெரிந்தால் அம்மாவின் வேலை போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே மிகுந்த துணிச்சலோடு எழுதினேன். 'நாற்றம்' என்று எழுதிவிட்டு, அடித்து, 'சற்றே மாறுபட்ட வாசனை' என்று ஆக்கினேன். 'தினமும்' என்பது 'அவ்வப்போது' ஆயிற்று. ரைஸ் மில்லை 'அருகிலுள்ள ஒரு ஸ்தாபனம்' என்று மாற்றினேன். முடித்துப் படித்துப் பார்த்தபோது அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

கையெழுத்து போடும் நேரம் வந்ததும் மன்றத்துக்கே திடீரென்று அடக்கம் வந்துவிட்டது.

"செயலாளரு, நீ மொதல்ல போடுறா" என்றான் சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் தலைவர்.

"நீதான தலைவரு, நீ போடு."

"தலைவரு கடைசியிலதான் போடணும். அதான் மரியாதை."

"எந்த ஊரு மரியாதைடா அது?"

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் நான்தான். டம்ளரைக் காகிதத்தில் கவிழ்த்து, சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி எல்லோரையும் கையெழுத்திடச் சொன்னேன். முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. என் முதுகில் தட்டினார்கள். பயத்துக்கு அவ்வளவு அழகான வடிவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெரிய ஆபீஸில் கொடுத்தால்தான் எடுபடும் என்று பஸ் ஏறி விழுப்புரம் போனோம். "ஒங்களுக்கு திண்டிவனம்யா" என்று திருப்பி அனுப்பினார்கள். திண்டிவனத்தில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, மனுவை பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல ஒரு முழுச்சுற்று திருப்பினார்.

"இன்னாய்யா இது, மனுவா கோலமா?"

"எல்லாரும் சமம்னு..."

"சமமா இருங்க, யாரு வேணான்னா? மனுதாரர்னு இங்க ஒரு கட்டந்தான் இருக்குது. ஒரு பேருதான் புடிக்கும். ஜல்தி சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். தலைவர் டீ குடிக்கப் போயிருந்தான். என் பெயரைச் சொன்னேன். பயத்தில் அதோடு நிறுத்த வரவில்லை. கேட்காமலே அப்பா பெயர், கதவு எண், அம்மா வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே, மில்லிலிருந்துதான் யாரோ வருகிறார்கள் என்று கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

"இன்னாடா, எங்கனா திருடிட்டு வந்தியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, வயிறு சரியில்ல."

இரண்டாவது வாரம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். விசாரணை மில்லுக்குள்ளேயே, நாற்காலி போட்டு, கலர் சோடாவோடு நடந்தது. எங்களையும் களத்தோரம் நிற்கவைத்தார்கள். மில் முதலாளி, "மனுதாரர் யாருன்னு மொதல்ல படிங்க சார்" என்றார். அதிகாரி என் பெயரையும், தொடர்ந்து நான் தானமாகக் கொடுத்த மற்ற விவரங்களையும் படித்தார். களத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கிட்டே வந்தாள். "இன்னா எழுதிக்கீறான்? படிங்க சாமி."

அவர் படித்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"மாறுபட்ட வாசனையா? நீ இன்னா சென்ட்டுக் கடையிலயா தண்ணி மொள்ற?" பிறகு அவரிடம், "அத்த அடிச்சிட்டு நாறுதுன்னு போடுங்க சாமி. தெனமும் நாறுதுன்னு போடுங்க. ஸ்தாபனம்னா இன்னான்னு எனக்குத் தெரியாது, இந்த மில்லுன்னே போடுங்க. கீழ என் ரேகைய வச்சிக்கோங்க."

"நாளையிலேந்து நீ களத்துக்கு வர வேணாம்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து, "நான் வேணா போய் மன்னிப்புக் கேட்டுடட்டாம்மா?" என்றேன்.

"அத்தையும் வட்டமா நின்னு கேப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பி, மில் வாசலுக்கு வெளியே போய் நின்றாள். ஐப்பசி மாசம். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களம் நிறைய அவித்த நெல் பரப்பிக் கிடந்தது. நனைந்தால் அவ்வளவும் வீண். முதலாளி ஓடிவந்தார். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா உக்காந்துகினு கீறீங்க? மழ வருது, கூட்டிக் குவிங்க!"

"கயிறு இழுக்க நாங்க கீறோம் மொதலாளி" என்றாள் ஒருத்தி. "பலகைய அழுத்திப் புடிக்கிற ஆளு வாசல்ல நிக்குதே."

"வேற யாராவது புடிங்களேன்!"

"எங்களுக்கு அந்தப் பக்குவம் வரலீங்களே."

நெல்லைக் குவிக்க ஒருத்தி பலகையை அழுத்திப் பிடிப்பாள், மற்றவர்கள் அதைக் கயிறு கட்டி இழுப்பார்கள். பத்து வருஷமாக எல்லோரும் மாற்றி மாற்றிப் பிடித்த பலகை அது. முதலாளி வானத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். "பெரிய பேஜாராப் போச்சு. வாம்மா உள்ள!"

அம்மா அசையவில்லை. "வாய்க்கால?"

"மொதல்ல நெல்லு!"

"வாய்க்காலச் சொல்லுங்க, வர்றேன்."

முதல் தூறல் விழுந்தது. "மூடறேன், மூடறேன், களத்துல எறங்கு!" என்று அவர் கத்தினது சைக்கிள் கடைவரை கேட்டதாம். அன்றே மன்றம் தனக்குத் தானே நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அழகான கையெழுத்தில் நான்தான் எழுதினேன்.

வாய்க்காலை மூட நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அம்மா மில்லுக்குள் போனதும், மண்வெட்டிக்காரன் வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நெல்லில் கால் வைத்தாள்.