மூணு மணி எல்.சி.

1. கோட்டா சார்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருஷம் அது. தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். ஒரு மரம் மட்டும் ரோட்டோடு நிற்காமல் பதினோராயிரம் வோல்ட் லைன் மேலும் சாய்ந்துவிட்டது. டெலிபோன் கம்பியும் அதோடு போயிற்று. அந்த லைன்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. இரண்டு ராத்திரியாக அங்கே அரிக்கேன் விளக்கில்தான் பிரசவம் பார்த்தார்கள்.

நான் அப்போது கள்ளக்குறிச்சி கரண்ட் ஆபீஸில் ஒயர்மேன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; கடைத்தெருவில் அவருக்கு இரும்புக்கடை. பத்தாவது பாஸ் செய்ததும் கடையில் உட்கார வைத்தார். எனக்குப் பொருந்தவில்லை, கரண்ட் போஸ்ட் ஏறப் போய்விட்டேன். காலேஜ் என்பதைச் சேலம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

எங்கள் ஃபோர்மேன் ராஜமாணிக்கம் எட்டாவது படித்தவர். லைனில் முப்பது வருஷ அனுபவம். அவருடைய மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் இன்ஜினீயரிங் சீட் கிடைக்கவில்லை. மறியல் கூட்டத்தில் அந்தப் பையனும் இருந்தான்.

இந்த நேரத்தில்தான் எங்களுக்குப் புது ஏ.இ., அதாவது அசிஸ்டென்ட் இன்ஜினீயர், வந்திருந்தார். பெயர் சடையன். கல்வராயன் மலைக்காரர், மலைவாசி கோட்டாவில் சேர்ந்து பி.இ. படித்தவர். வேலைக்கு வந்து நாலு மாதம். அதிர்ந்து பேச மாட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் 'கோட்டா சார்' என்று பெயர் வைத்திருந்தோம். 'வைத்திருந்தோம்' என்று எழுதுவது மழுப்பல். வைத்தது நான். ஃபோர்மேன் சிரிப்பார் என்று வைத்தேன், அவரும் சிரித்தார். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

2. போன் இல்லாத லைன் கிளியர்

லைன் கிளியர் என்பதைத்தான் எல்.சி. என்போம். சப் ஸ்டேஷன் ஆபரேட்டர் லைனை ஆஃப் செய்து, ரிஜிஸ்டரில் எழுதி, ஒரு நம்பரோடு நம்மிடம் ஒப்படைப்பார். வாங்கிய ஆளே 'வேலை முடிந்தது, ஆட்கள் இறங்கிவிட்டார்கள்' என்று திருப்பிக் கொடுக்கும்வரை அவர் லைனைத் தொடக் கூடாது. சாதாரண நாளில் எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்.

அன்று போன் இல்லை. சப் ஸ்டேஷன் ஏழு மைல். ஃபோர்மேன் விடியற்காலையில் கிளம்பி, வரப்பு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பதினோரு மணிக்குத்தான் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் நாலு பேர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏ.இ.யும் நடந்தே வந்திருந்தார்.

"லைன் ஆஃப் ஆயிடுச்சு. பாய், நீ ஏறு" என்றார் ஃபோர்மேன். என்னை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏ.இ. கை நீட்டினார். "எல்.சி. பேப்பர் குடுங்க."

"பேப்பர்லாம் இல்ல சார். பேசிட்டு வந்துட்டேன். மூணு மணிக்கு அவனே லைன ஆன் பண்ணிடுவான். நாம ரெண்டரைக்கே எறங்கிடுவோம்."

"அப்ப டைம் எல்.சி."

"சார், முடிச்சிட்டு மறுபடி நான் ஏழு மைல் போய்ச் சொல்லிக்கினு இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் எப்ப போறது? பொழுது போயிடும்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டைம் எல்.சி. என்றால் எங்கள் தொழிலில் தூக்குக் கயிறு. நேரம் சொல்லி லைன் வாங்கி, ஆள் இறங்கும் முன் கரண்ட் வந்து செத்தவர்கள் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டினேன். ஃபோர்மேன் சொன்னதை மறுத்துப் பேச ஒயர்மேனுக்கு என்ன யோக்கியதை?

"எர்த் ராடு போட்டீங்களா?" என்றார் ஏ.இ.

தப்பித் தவறிக் கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி, கம்பியையும் மண்ணையும் இணைக்கிற தடி அது. கனமான சாமான், மரம் மரமாக ஏறித் தாண்ட வேண்டும் என்று ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"பாய், பெல்ட்டக் கழட்டுங்க. யாரும் ஏறக்கூடாது."

ஃபோர்மேனுக்கு முகம் சிவந்துவிட்டது. மறியல் கூட்டம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. "சார், நான் போஸ்ட் ஏற ஆரம்பிச்சப்ப நீங்க பொறக்கவே இல்ல. புஸ்தகத்த வெச்சிக்கினு மரம் வெட்ட முடியாது. சீட்டு வாங்கிப் படிச்சிட்டு வந்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

ஏ.இ.யின் குரல் ஏறவில்லை.

"எனக்கு மரம் வெட்டத் தெரியாதுங்க. ஆனா கையெழுத்து என்னுது. எர்த் இல்லாம ஆள ஏத்துனா இப்பவே எழுதிக் குடுத்துட்டு நான் போயிடுவேன்."

ஃபோர்மேன் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். மறியலில் மாட்டிக்கொண்டு கரும்பு ஏற்றிய இரண்டு மாட்டு வண்டிகள் ஓரமாக நின்றன. ஏ.இ. அதில் ஒரு வண்டிக்காரரிடம் போய், கரும்புப் பாரத்தை இறுக்கிக் கட்டும் இரும்புச் சங்கிலியைக் கேட்டார்.

"இன்னாத்துக்குங்க?"

"ஒரு ஆளு உசுருக்குங்க."

வண்டிக்காரர் மேலே எதுவும் கேட்காமல் அவிழ்த்துக் கொடுத்தார். வாய்க்கால் ஈரத்தில் கடப்பாரையை அடித்து இறக்கி, அதில் சங்கிலியின் ஒரு முனையைக் கட்டினோம். சப் ஸ்டேஷன் இருக்கும் திசையில், நான் ஏற வேண்டியதற்கு முந்தின போஸ்ட்டில், காய்ந்த மூங்கிலால் மறுமுனையைத் தூக்கி மூன்று கம்பியின் மேலும் படும்படி போட்டோம். இதற்கே முக்கால் மணி நேரம் போயிற்று. "கரண்டே இல்லாத கம்பிக்குத் தாலி கட்டியாச்சு, இப்ப ஏறு பாய்" என்றார் ஃபோர்மேன். ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. இரண்டு நாற்பது

கிளையை அறுத்து இறக்கி, உடைந்த பீங்கான் இன்சுலேட்டரை மாற்றிவிட்டு, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஏ.இ. கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "ரெண்டு இருவது பாய்... ரெண்டரை ஆச்சு, எறங்கிடுங்க." இன்னும் ஒரே ஒரு முறுக்குதான் பாக்கி. "அஞ்சு நிமிஷம் சார்" என்றேன்.

முறுக்கி முடித்துக் கம்பியிலிருந்து கையை எடுக்கிறேன். பக்கத்து போஸ்ட்டில் டமார் என்று ஒரு சத்தம். நீலமாக ஒரு வெளிச்சம். சங்கிலி துள்ளியது. வாய்க்கால் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியது. ஓரத்தில் கட்டியிருந்த வண்டி மாடுகள் மிரண்டன.

மணி இரண்டு நாற்பது.

கரண்ட் முழுவதும் சங்கிலி வழியாக மண்ணுக்குள் இறங்கி, சப் ஸ்டேஷனில் டிரிப் ஆகி, அதாவது தானாகவே லைன் ஆஃப் ஆகியிருக்கிறது. ஆனால் டிரிப் ஆனால் ஆபரேட்டர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். காக்காய் ஏதாவது பட்டிருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் போட்டுப் பார்ப்பார். அது எங்கள் பழக்கம். அவசரத்தில் பெல்ட் கொக்கி கழலவே இல்லை.

"பாய்! கம்பியத் தொடாதீங்க! கொக்கியப் பாருங்க, கொக்கிய மட்டும் பாருங்க!" என்று ஏ.இ. கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். கொக்கி கழன்றது. சறுக்கிக்கொண்டே இறங்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூட அப்போது தெரியவில்லை.

பாதி போஸ்ட் இறங்கியிருப்பேன், இரண்டாவது தரம் வெடித்தது. இந்தத் தரம் சங்கிலி அறுந்து விழுந்தது. கண்ணிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடந்தன.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் எப்போதும் லேட்டாக வருவார் என்பதற்காக, சப் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் மூணு மணிக்குத்தான் போட்டார்கள். அது அவர்களுடைய மூணு மணி.

அன்று மரத்தடியில், சங்கிலி ஆறியதும் ஃபோர்மேன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் ஏ.இ.யிடம் போய், "சார், ரிப்போர்ட்டுல என் பேர எழுதிடுங்க. தப்பு என்னுது" என்றார். அன்று ராத்திரி அவரே மறுபடி ஏழு மைல் போய்ச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் போயிற்று. மறுநாள் வண்டிக்காரருக்குத் தன் வீட்டு மாட்டுச் சங்கிலியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஏ.இ. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா சார்?" என்று கேட்டேன்.

"படம் போட்டுக் காட்னாங்க பாய். ஆனா அது இல்ல. எங்க மலையில கரண்டே கெடையாது. நான் மொத மொதல்ல சுவிட்ச் போட்டதே ஹாஸ்டல்லதான். இன்னிக்கும் சுவிட்ச் போட்டா ஒரு பயம் இருக்கு. அந்தப் பயத்துல சொன்னேன்."

"எனக்கும் பயமாத்தான் சார் இருந்திச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

நான் தோல் உரிந்த கையைத் துண்டால் சுற்றினேன். அவரே மறுபடி கேட்டார்: "நான் மட்டும் டிகிரி இல்லாம, மலையிலேருந்து எறங்கி வந்த ஒரு ஹெல்பரா இருந்து இதையே சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா பாய்?"

கேட்டிருக்க மாட்டோம். பெயர் வைத்துச் சிரித்திருப்போம்.

4. அப்புறம்

நானும் ஃபோர்மேனாகித்தான் ரிடையர் ஆனேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: "பாய், டிகிரி பெருசா, அனுபவம் பெருசா?" டைம் எல்.சி. தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தக் காலேஜும் தேவைப்படவில்லை. அதைச் சொன்னால் நாலு பேர் நின்று கேட்கத்தான் ஒரு டிகிரி தேவைப்பட்டது. இது நியாயமே இல்லை. ஆனால் நான் பார்த்த உலகம் அப்படித்தான் இருந்தது. அதனால் என் மகளைக் காலேஜுக்கு அனுப்பினேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா இவ்ளோ படிப்பு?" என்று கடைத்தெருவில் கேட்டவர்களிடம், "அவ வேணான்னு சொன்னா நாலு பேரு கேக்கணும், அதுக்குத்தான்" என்றேன்.

என் கேங்கில் இன்னொரு வழக்கமும் வைத்தேன். கீழே நிற்கும் கடைசி ஹெல்பர் 'ஏறு' என்று சொல்லாமல் யாரும் ஏறக் கூடாது, நான் உட்பட. ஒரு மழைக்காலம், சின்னசேலம் பக்கத்தில் ஒரு போஸ்ட். எல்.சி. கையில் இருந்தது, எர்த் போட்டிருந்தது. கடைசி ஹெல்பர் 'ஏறு' என்றதும் நாலடி ஏறியிருப்பேன். மூணாங்கிளாஸோடு நின்றுவிட்ட அந்த ஹெல்பரே, "பாய், வாணாம் எறங்குங்க. இன்னாமோ சரியாப் படல" என்றார்.

இறங்கினேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தோம். எதிலும் தப்பில்லை. அரை மணி நேரம் வீண். மற்றவர்கள் முறைத்தார்கள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நாளைக்கும் இப்படியே சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவர் 'ஏறுங்க' என்ற பிறகு ஏறினேன்.