தொலையாத கடவுச்சீட்டு

தன் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று ஐங்கரனுக்கு நன்றாகத் தெரியும். பிராங்போர்ட்டில், ஒரு துணைத் தூதரகத்தின் அலமாரிக்குள். அடுத்த மாதம் வட ஆபிரிக்காவில் பிஸ்கட் பொதி செய்யும் இயந்திரம் ஒன்றைப் பூட்டி ஓட வைக்க வேண்டும். அதற்கான விசாவுக்காக நிறுவனம் அதை அங்கே அனுப்பியிருந்தது.

இதற்கிடையில் இலண்டனில் தங்கை சிவமலருக்கு இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவளுக்கு அங்கே வேறு ஆளில்லை. முன்பென்றால் ஜெர்மன் அடையாள அட்டையோடு ஓடிப் போய் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன இலண்டன்காரன் இப்போது கடவுச்சீட்டுக் கேட்கிறான்.

அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு இரண்டாவது கடவுச்சீட்டும் கொடுப்பார்கள் என்று நிறுவனத்தில் சொல்லி, ஒரு கடிதமும் தந்தார்கள். ஐங்கரனுக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபோது அவன் கையில் ஒரு கடவுச்சீட்டுக்கூட இருக்கவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவி, மெக்கானிக் படித்து, பிரஜாவுரிமை எடுத்து, இப்போது பாதி உலகம் சுற்றுகிறான். ஆனாலும் அலுவலகக் கதவைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு கடவுச்சீட்டு வைத்திருந்த ஆட்களை அவனுக்குத் தெரியும். எல்லாரும் களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள்.

வுப்பர்டாலில் எவருக்கும் கேளாமலே யோசனை சொல்லும் றெஜினோல்டிடம் போனான்.

“உனக்கென்ன விசரே? ரெண்டாவது வேணும் எண்டு வாய் திறந்தால் எதுக்கு எண்டு குடைவாங்கள். துலைஞ்சு போச்சு எண்டு சொல்லு. அகதி எண்டு பதிஞ்ச அண்டைக்கும் அதைத்தானே சொன்னனாங்கள்?”

“அண்டைக்கும் துலையேல்லை அண்ணை. ஏஜென்சிக்காரன் பறிச்சவன்.”

“பாத்தியே? எண்டாலும் சரிவந்தது.”

நகர அலுவலகத்தில் மேசைக்கு அப்பால் இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. தேனுஜா என்று சட்டையில் குத்தியிருந்தது. அவன் பெயரை வாசித்ததும் ஜெர்மனை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப இருக்கிற பாஸ்போட் எங்க அங்கிள்?”

“துலைஞ்சு போச்சு.” வாய் தானாகச் சொன்னது.

அவள் கணினியில் தட்டத் தொடங்கினாள். “சரி. இதைப் பதிஞ்சால் அந்தப் பாஸ்போட் இனிச் செல்லாது. ஆர் கொண்டு போனாலும் எல்லையில மறிப்பாங்கள்.”

“அதுக்குள்ள ஒரு விசா இருந்தால்?”

“அதுவும் போச்சுத்தான்.”

தங்கைக்கு ஒரு வழி திறக்க, வேலைக்கு இருந்த வழி அடைபடுகிறது. ஐங்கரன் கையைக் காட்டி மறித்தான்.

“பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ. துலையேல்லை.”

விரல்கள் நின்றன. “ஓ, கிடைச்சிட்டுதோ?”

“துலைஞ்சால்தானே கிடைக்கிறதுக்கு.”

“அங்கிள், எனக்குத் தலை சுத்துது. இருக்கோ, இல்லையோ?”

“இருக்கு. என்னட்ட இல்லை.”

பைக்குள் இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினான். சிவமலரின் ஆஸ்பத்திரிக் கடிதத்தைத்தான் தேனுஜாவுக்கு நேரே தள்ளினான். அவள் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு நிறுவனத்தின் கடிதத்தை எடுத்தாள்.

“விசாவுக்குக் குடுத்திருக்கு, அதுக்கிடையில திரும்பவும் வெளிக்கிட வேணும். இவ்வளவுதானே? இதுக்கு ரெண்டாவது ஒண்டு எடுக்கலாம். இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

ஐங்கரனின் நெஞ்சுக்குள் கிடந்து கனத்த ஆஸ்பத்திரிக் கடிதம் தேவைப்படவில்லை. முதலாளியின் நாலு வரி போதுமாயிருந்தது. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தான்.

“எக்ஸ்பிரஸில போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை வந்து எடுங்கோ.”

வெளியே வந்து தங்கைக்குப் போன் அடித்தான்.

“என்னண்ணா, வாறியோ?”

“ஓம். வெள்ளிக்கிழமை பாஸ்போட் தருவினமாம்.”

“என்ன சொல்லிக் கேட்டனி?”

“உள்ளதைச் சொன்னனான்.”



“உள்ளதையோ? அப்ப தருவாங்களோ?”

அவனுக்கும் அதுதான் பிடிபடவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று கதவைப் பார்த்தான். கேட்டால், இருப்பதும் கெட்டுப்போகுமோ?

“எதுக்கும், அவை மனம் மாற முதல் நான் இண்டைக்கே டிக்கெட் போடுறன்” என்றான்.