காது கிழிந்த பூனையின் விலாசம்

ஜெயவேலு அண்ணன் கொண்டுவந்த நான்காவது கேமரா அது. கோவளத்தில் கரைவலை இழுத்தபோது மத்தி மீனோடு வந்ததாம். இரும்புலியூரில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில், மணல் ஒழுகும் பாலித்தீன் பையோடு அதைக் கவுண்டரில் வைத்தார்.

"கேமரா செத்துப்போச்சு தம்பி. உள்ள கார்டு உயிரோட கீதான்னு பாரு."

அவருக்கு நாற்பத்தாறு வயது. எக்ஸ்எல் வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருக்களில் மீன் விற்பவர். முதல் மூன்று கேமராக்களையும் உரியவர்களிடம் சேர்த்துவிட்டார். ஒன்றில் கல்யாண பேனர் தெரிந்தது, இன்னொன்றில் கார் நம்பர். மூன்றாவதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூரில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"உனக்கு ஏன்யா இந்தப் பேஜாரு?" என்று எங்கள் முதலாளி குமரேசன் கேட்டபோது ஒரே ஒரு தடவை காரணம் சொன்னார்.

"சுனாமில எங்க கல்யாண ஆல்பம் போச்சு சார். எவனாவது எடுத்து வெச்சிருப்பான், ஒருநாள் கொண்டாருவான்னு எங்க வூட்ல துர்கா இன்னும் சொல்லிக்கினு கீறா."

கார்டு பிழைத்திருந்தது. அறுபத்து மூன்று படங்கள். பெரும்பாலும் ஒரே அம்மாள். புடவையை ஒரு கையில் அள்ளிப் பிடித்து, மூக்குக்கண்ணாடி நுனிக்கு இறங்கியது தெரியாமல், அலையில் நின்று சிரிக்கிறார். பேரும் இல்லை, ஊரும் இல்லை.

"இந்தச் சிரிப்பு அந்தம்மா வூட்டுக்குப் போயாவணும்," என்றார் அண்ணன்.

நாற்பத்தோராவது படத்தில் ஒரு மதில்சுவர். மேலே இடது காது கிழிந்த பூனை. அண்ணன் கவுண்டரைத் தட்டினார்.

"தம்பி, இது நம்ம கஸ்டமரு!"

அவருக்குத் தெருப் பெயர்கள் மனசில் நிற்காது. எந்த முனையில் எந்தப் பூனை காத்திருக்கும் என்பது நிற்கும். இது சைவ வீடுகள் மட்டுமே உள்ள தெருவின் முனையில் நிற்கிற பூனை. அந்தத் தெருவுக்குள் மட்டும் அவர் மீன் கொண்டுபோனதில்லை.

மறுநாள் காலை வண்டியோடு அப்படியே போய்விட்டார். அதுதான் தப்பு. மதில்சுவரைக் கண்டுபிடித்து நின்றதுமே உள்ளிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

"இந்தத் தெருவுல மீன் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மீனு இல்ல சார், போட்டோ..."

கதவு சாத்திக்கொண்டது.

"நான் போய்க் குடுத்துடட்டுமா அண்ணா?" என்று கடைக்குத் திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"என் வலைல வந்தது, என் கையாலதான் போவணும். நீ அந்தச் சிரிப்ப ஒண்ணு பிரிண்ட் போடு."

மாலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டையில் வந்தார். பெட்டி இல்லை, வண்டியும் இல்லை. என்னையும் கூட்டிப்போனார். பூனையைத்தான் இருவரும் மறந்துவிட்டோம். முனையிலிருந்தே வாலைத் தூக்கிக்கொண்டு, அவர் காலைச் சுற்றிக் கத்திக்கொண்டே வீடுவரை வந்தது.

பட்டாபிராமன் என்று பெயர்ப்பலகை போட்ட கேட்டுக்குப் பின்னால் அதே பெரியவர். "சாயங்காலமுமா?"

அண்ணன் படத்தைக் கம்பி இடுக்கில் நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை.

பெரியவர் கடைசியில் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கேட் திறந்தது.

"கேமராவை அலைல விட்டுட்டேன்னு அன்னிக்குப் பூரா என்னைத் திட்டினா. அடுத்த மாசமே..."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் வாசலிலிருந்தே தெரிந்தது. அதே அம்மாள்தான், ஆனால் ஆதார் அட்டைக்கு எடுத்த மாதிரி இறுகிய முகம்.

அண்ணன் கார்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். "அறுவத்தி மூணும் கீது சார்."

"என் வீடுன்னு எப்படிப்பா தெரிஞ்சுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார். "பூனைதான் சார்."

"இவளா? இவ தயிர் சாதம்தானே சாப்பிடுவா!"

"காலைல எட்டரைக்கு சங்கரா மீன் தலையும் துன்னும் சார். ரெண்டு வருஷமா."

பெரியவர் பூனையை முறைத்தார். அது முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"அதான் மத்தியானம் தட்டைத் தொடறதே இல்லை. திருட்டுக் கழுதை." பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு வருவியா?"

"முனையோட நின்னுக்கறேன் சார்."

"முனைல எதுக்கு? இங்கயே வா. ஆனா கூவாதே."

மறுநாள் கடை திறக்கும்போது பட்டாபிராமன் கூடத்துப் படச்சட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். இறுகிய முகத்தைக் கழற்றிவிட்டுச் சிரிப்பை மாட்டினேன்.