ராஜா இல்லாத சிம்மாசனம்

ராஜாவின் அடியில் இருந்த ஓட்டையை அடைத்தவன் நான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற எவரும் செய்யாத மடத்தனம் அது. உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்கு அடியில் சிறு துளை விட்டால்தான் சூளைச் சூட்டில் காற்று வெளியேறும். பக்கத்துக் கொட்டகைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் விட்டிருந்தார்கள். எனக்கோ அது அரைகுறை வேலையாகத் தெரிந்தது. ராஜாவுக்கே ஓட்டையா என்று ஒவ்வொன்றையும் ஈரக் களிமண்ணால் பூசி மெழுகினேன். என் சரக்கு தனித்துத் தெரிய வேண்டுமாம்.

செல்போன் பரவத் தொடங்கியிருந்த வருடங்கள். பெண்ணாடத்தில் மாமனாருக்குக் கரும்பு, டிராக்டர், ஆள் அம்பு எல்லாம் உண்டு. மேற்பார்வைக்கு ஒரு மருமகன்தான் குறை. நான் தொழிற்பேட்டையில் கொட்டகை பிடித்ததும் கேட்டார்.

"என்னா மாப்ள செய்யப் போறீங்க?"

"கொலுவுக்கு ராஜா ராணி செட்டு மாமா. சிம்மாசனம் தனியா, ஆளு தனியா."

"தீபாவளி வரைக்கும் பாருங்க. ஓடலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

சூளை எல்லாருக்கும் பொது. என் முறை வந்து, வெந்து, திறந்தபோது ராஜாக்களும் ராணிகளும் வெடித்துச் சில்லுசில்லாகக் கிடந்தார்கள். உள்ளே கூடில்லாத சிம்மாசனங்கள் மட்டும் பளபளவென்று நின்றன. அடுத்த முறை கிடைப்பதற்குள் நவராத்திரி போய்விடும். என் மனைவி ஒரு சிம்மாசனத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இதுல இனிமே யாரு உக்காருவாங்க? எங்கப்பாவா?"

கொலு முடிந்தபின் ஒரு நாள் நல்ல மழை. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கொட்டகைக்குள் ஓடி வந்தார். சேத்தியாத்தோப்பில் செல்போன் கடை வைத்திருக்கிறாராம். நனைந்த போனை வேட்டி நுனியில் துடைத்து, ஈரமில்லாத இடம் தேடி, கைக்கெட்டிய சிம்மாசனத்தில் சாய்த்து வைத்தார். அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, போன் அரியணையில் அமர்ந்தபடியே அதிர்ந்தது.

"ஏங்க, ராஜா மாதிரி உக்காந்திருக்குது பாருங்க! தீபாவளிக்கு போன் வாங்குறவங்களுக்கு இத சும்மா குடுக்கலாமே. எத்தினி இருக்குது?"

"உங்களுக்கு எத்தினி வேணும்?" என்றேன், ஆர்டர் குவிந்து கிடப்பவன் தோரணையில்.

இருந்த அத்தனையையும் எடுத்துக்கொண்டார்; இன்னும் கேட்டார். மழை கொஞ்சம் தள்ளி வந்திருந்தால் அவர் பஸ் ஏறியிருப்பார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, காலத்தை முன்கூட்டியே படிக்கத் தெரிய வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். ஒழுங்காக ஓட்டை விட்ட பக்கத்துக் கொட்டகைக்காரரின் ராஜாக்கள் முழுசாக வெந்து வந்தும் பாதிப் பேர் விலை போகாமல் நின்றார்கள். பாவம், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாமனார் வந்தார், சொன்னபடியே, டிராக்டரோடு. வைக்கோல் சுற்றிக் கட்டி வைத்திருந்த அடுத்த லோடைக் காட்டினேன்.

"ஊரே செல்போன் வாங்கப் போவுதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மாமா. அதான் சிம்மாசனமா போட்டேன்."

அவர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ராஜா எங்க மாப்ள?"