அம்மாவின் வலது முழங்கால்

எங்கள் அம்மா சாமளாபுரத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர். மண்ணரைக்கு மருமகளாக வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். "பொறுமைசாலின்னு எழுது கண்ணு" என்றார் பெரியப்பா. மாட்டேன். அம்மா அடி வாங்கியவர். அப்பாவும் இந்த நினைவு மலரைப் படிப்பார், படிக்கட்டும்.

ஒரு தீபாவளி போனஸ் நாளில் குடித்துவிட்டு வந்து, இரும்புக் குழாயால் அம்மாவின் வலது முழங்காலை அப்பா அடித்து உடைத்தார். எலும்பு கோணலாகக் கூடியது. கேட்டவர்களிடமெல்லாம் "விழுந்துட்டனுங்க" என்றார் அம்மா. உண்மை தெரிந்த உறவினர்களே, நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள்.

வருடங்கள் கழித்து மூட்டு முழுவதும் தேய்ந்துபோனது. கோவை மருத்துவமனை ஒன்றில் மூட்டு மாற்றும் ஆய்வு நடந்தது. கணினி காட்டும் கோட்டில் எலும்பை அறுப்பது, வழக்கம்போல் கைக்கருவியால் அளந்து அறுப்பது, இரண்டில் எது பின்னாளில் நன்றாக நடக்க வைக்கிறது என்று பார்த்தார்கள். அம்மா அதில் சேர்ந்தார். ரம்பத்தால் அறுத்து, உலோக மூட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குவோம் என்று டாக்டர் விளக்கினார்.

"மயக்கம் குடுத்துட்டுத்தானுங்களே அடிப்பீங்க?" என்று கேட்டார் அம்மா.

அறுவை முடிந்ததும் டாக்டர் அப்பாவை அழைத்தார். "தினமும் நீங்கதாங்க காலைப் புடிச்சு மடக்கி விடோணும். இல்லீன்னா மூட்டு இறுகிப்போகும்."

அப்பா கையை நீட்டினார். அம்மா கட்டிலே அதிரக் கத்தினார். "அந்தக் கை என்ற கால்ல படக்கூடாதுங்க! இதை ஒடைச்சதே அந்தக் கைதானுங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பா வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து நான் மடக்கினேன். வலி தாங்காமல் அம்மா என் தோளைக் கடிப்பார். ஆனாலும் நிறுத்தச் சொன்னதில்லை.

கால் தேறியபின் ஒரு நாள் அப்பா மறுபடி குழாயைத் தூக்கினார். அம்மா வலது காலால் ஓங்கி உதைத்தார். கதவில் மோதி அப்பாவுக்கு முன்பல் உடைந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் கை ஓங்கவில்லை. கடைசி வரை அம்மா நிம்மதியாக நடந்தார். சென்ற ஆண்டு மாரடைப்பில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. அறுவை செய்த டாக்டருக்கும், ஆய்வுக்காக அவ்வப்போது போனில் விசாரித்த மருத்துவமனைப் பெண்ணுக்கும் தனி நன்றி.

"இப்ப கால்ல என்னென்ன பண்ண முடியுதுங்கம்மா?" என்று ஒருமுறை அந்தப் பெண் போனில் கேட்டார்.

"மாடி ஏறுறனுங்க. கடைக்குப் போறனுங்க. உதைக்கவும் முடியுதுங்க."

"உதைக்கறது எங்க கேள்வித்தாள்ல இல்லீங்களேம்மா."

"சேர்த்துக்கோ கண்ணு" என்றார் அம்மா.