குஞ்சு லோரியைக் குறுக்கே நிறுத்தினேன்

புக்கிட் ரோத்தானிலிருந்து ஜொகூருக்கு ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை ஏற்றிச் செல்லும் லோரி டிரைவர் நான். ஐந்தாம் படிவம்வரை, அதாவது பதினோராம் வகுப்புவரை, படித்தவன். எங்கள் கம்பெனியின் இன்னொரு டிரைவர் மாணிக்கம் அண்ணன், தன் லோரியில் செத்த குஞ்சுகளை என் பெட்டிகளில் போட்டு, முதலாளியிடம் என்னைத் திட்டு வாங்க வைத்தார். பழிவாங்காமல் விடுவேனா?

அடுத்த பயணத்தில், வழியில் யோங் பெங் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையோரம் அவர் லோரி நின்றது. உச்சி வெயில். ஓடும்வரைதான் குஞ்சுகளுக்குக் காற்று. அதிக நேரம் நின்றால் வெந்துவிடும். அவர் வெளியேற முடியாதபடி என் லோரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, கடையில் உட்கார்ந்து நிதானமாக ஆற்றிய பால் டீ, தே தாரிக், குடித்தேன்.

"டேய், லோரிய எடுடா! குஞ்சு சாவுது!"

"சாவட்டும்லா. என் பெட்டியில போட்டுருங்கண்ணே!"

அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு இனித்தது. கடைசியில் கத்தினார்: "படிச்ச முட்டாளே, உன் லோரி மட்டும் ஓடிக்கிட்டா இருக்கு?"

பாய்ந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். குஞ்சுகள் வாய் பிளந்து கிடந்தன. உடனே லோரியை விரட்டினேன். காற்றுப் பட்டதும், நல்லவேளை, பிழைத்துக்கொண்டன.

இப்போதெல்லாம் சரக்கு இருக்கும்போது யாரோடும் சண்டைக்கு நிற்பதில்லை. எல்லாம் காலிப் பெட்டிகளோடு திரும்பும்போதுதான். போன வாரம் அப்படித்தான் மாணிக்கம் அண்ணனை இரண்டு மணி நேரம் மறித்தேன். செத்த குஞ்சுகள் தன்னுடையவைதான் என்று அவர் முதலாளிக்கு டெலிபோன் செய்து உண்மையைச் சொன்ன பிறகே வழிவிட்டேன்.