அண்ணன் சாப்பிட்ட ஜாங்கிரிகள்

அது இருமல் மருந்து வந்த பாட்டில். லேபிள் போய்ப் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அண்ணன் ஒரு காலையில் குழாயடியிலிருந்து என்னை ஓரமாக அழைத்துப் போய் அதைக் கையில் திணித்தார். "உன்னோடதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுப்பா" என்றார். எனக்குப் புரியச் சற்று நேரமானது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தகப்பன், இன்னொருவனிடம் கேட்கக்கூடிய காரியமா அது? ஆனால் அன்று கம்பெனியில் அவருக்கு மெடிக்கல். அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அவர்கள் சிறுநீருக்குக் கொடுக்கும் குப்பியில் என்னுடையதை ஊற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓசூரில் எங்கே பார்த்தாலும் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் லைனில் பத்து வீடுகள், ஒரு குழாய், இரண்டு கழிப்பறைகள். அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம். நான் சாமல்பட்டிக்காரன், அதே கம்பெனியில் அவருக்கு ஒரு வருடம் முன்பே நிரந்தரமானவன். அவருக்குச் சர்க்கரை இருப்பதை அவர் ஊர் டாக்டர் அந்தப் பொங்கலுக்குத்தான் கண்டுபிடித்திருந்தார். சர்க்கரை இருந்தால் கம்பெனியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது லைனில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. யார் சொன்னது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நான் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். அண்ணன் தேறினார். அன்று மாலை லைன் முழுக்க லட்டு கொடுத்தார், முதல் லட்டை எல்லோர் முன்னாலும் தானே தின்றார். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட பெருமை.

அண்ணி அடுத்த வாரமே சமையலை மாற்றினார். காலையில் ராகிக் கூழ், இரவில் களி, கொள்ளு ரசம், கீரை. பேரிகைச் சந்தைக்குப் போய் ராகி வாங்கி வருவார். கெலவரப்பள்ளி ஆற்றோரத்துக் கீரைக்காரி அவருக்காகவே லைனுக்குள் கூடை இறக்குவாள். தஞ்சாவூர்க்காரி களி கிண்டுவதை லைனே வேடிக்கை பார்த்தது. களி என்றால் வக்கில்லாதவர் சாப்பாடு என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. களி தின்று வளர்ந்த நானே, சம்பளம் வாங்கிய முதல் மாதத்தில் களியை விட்டவன். மாவு வேகும் வாசம் வந்தால், ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கேட்டவர்களிடம் அண்ணி சர்க்கரை என்று சொல்ல முடியுமா? "இந்த ஊர்க் குளிருக்கு இதாங்க தாங்குது. புள்ளைங்களுக்குச் சளியே புடிக்கல பாருங்க" என்று சொல்லிவைத்தார். பொய் நன்றாக வேலை செய்தது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நான்கு வீடுகளில் களி கிண்டினார்கள், அடுத்த வருடம் எல்லா வீடுகளிலும். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ராகி மாவை மூட்டையாக இறக்கினார். வீட்டுக்காரம்மா தெலுங்கும் தமிழும் கலந்து, "இப்பத்தான் மனுசங்க மாதிரி திங்கிறீங்க" என்றார். என் மனைவியும் கிண்டினாள், நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அண்ணனின் நோயைச் சாக்கிட்டு லைனே உடம்பைத் தேற்றிக்கொண்டது. அவர் ஒருவர்தான் தேறவில்லை.

காரணம் கேன்டீன். டீயில் சர்க்கரையை மொத்தமாகக் கலந்தே கொண்டு வருவார்கள். உற்பத்தி இலக்கை எட்டினால் ஜாங்கிரி, ஆயுதபூஜைக்கு மைசூர்பாகு, யாருக்காவது குழந்தை பிறந்தால் கேசரி. ஆரம்பத்தில் அண்ணன் ஜாங்கிரியை என் தட்டில் தள்ளிவிடுவார், நானும் தின்றுவிடுவேன். ஒருநாள் ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இனிப்பு வேணாங்கற? சுகரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அண்ணன் சட்டென்று என் தட்டிலிருந்து அதைத் திரும்ப எடுத்து இரண்டே வாயில் விழுங்கினார். அன்றிலிருந்து அவர் எதையும் வேண்டாம் என்றதில்லை. சில நாள் இன்னொன்று கேட்டுக்கூட வாங்கினார். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு என் சோற்றைத் தின்பேன்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு கம்பெனிக்கு வந்துவிடும் என்று பயம். அதனால் விடுமுறை நாளில் பஸ் ஏறி, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு டாக்டரிடம் தன் அப்பா பெயரைச் சொல்லி மாத்திரை வாங்கி வருவார். துணைக்குச் சில தடவை நானும் போயிருக்கிறேன். கன்னடத்தில் நர்ஸ் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, தன்னைத்தான் என்று அவருக்கு உடனே உறைக்காது. நான்தான் முழங்கையால் இடிப்பேன். திரும்பும்போது ஒருமுறை, "இன்னும் எத்தன வருசம்ப்பா இப்படி?" என்றார். "ரிட்டயர் ஆகற வரைக்கும்ணா" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நீளம் என்று எனக்கே தெரிந்தது. வெளியே சொன்னால் அவர் வேலை போகும், உடந்தையாக இருந்த என் வேலையும் போகும். எனக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே அறைக்குள் உட்கார்ந்து கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்ட கதைதான்.

பத்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அண்ணன் நொண்ட ஆரம்பித்தார். "ஏண்ணா, கால் இன்னா ஆச்சு?" என்றேன். "புது ஷூ கடிக்குதுப்பா" என்றார். மெஷின் ஷாப்பில் எல்லோரும் இரும்பு மூக்கு வைத்த ஷூ போட வேண்டும், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உடை மாற்றும் அறையில் அவர் பக்கத்தில் நின்றபோது ஒரு நாற்றம் வந்தது. மழையில் ஊறிய சாக்ஸ் நாற்றம் இல்லை அது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபர்ஸ்ட் எய்டு அறை இருபதடி தூரத்தில் இருந்தது. நான் அவரை அங்கே இழுத்துப் போகவில்லை. அத்திப்பள்ளிக்குப் போகலாம் என்றேன், லீவு கிடைக்கட்டும் என்றார், சரி என்றேன். அந்த ‘சரி’யை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

லீவு கிடைப்பதற்குள் மெஷின் அருகிலேயே காய்ச்சலில் விழுந்தார். பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவருடைய லீவு காகிதங்களைக் கொடுக்க நான்தான் பர்சனல் ஆபீசரிடம் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார். "சுகரா?" என்றார். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா? கேன்டீன்ல தனியா சமைக்கச் சொல்லியிருப்பேனே."

"வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு..." என்று இழுத்தேன்.

"கன்ஃபார்ம் ஆனவன சுகருக்காக யாரு அனுப்புவா? நானே சுகர்தான்." மேசைமேல் இருந்த தன் டீயை என் பக்கம் தள்ளினார். "குடிச்சுப் பாரு." வாயில் வைத்தேன். துளி இனிப்பில்லை.

அந்த மெடிக்கல் நாளில் வேலை போயிருக்குமோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மறுநாளிலிருந்து அவர் விழுங்கிய ஒவ்வொரு ஜாங்கிரியும் வீண். ஒருவராவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்.

அன்றே பெங்களூருக்குப் போனேன், ஆபீசர் சொன்னதைச் சொல்லிவிடுவது என்றுதான். அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அண்ணி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். "டாக்டர் எத்தன வருசமா சுகர்னு துருவித் துருவிக் கேட்டாருப்பா. இப்பத்தான் தெரியும்னு சொல்லிட்டேன். உம் பேரு எங்கயும் வராது. நீ பயப்படாத" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் "சரிண்ணா" என்றேன்.

அதன்பின் அவருக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். கேன்டீனிலிருந்து இனிப்பில்லாத டீ அவர் மேசைக்கே வந்தது. என் பேரைக் காப்பாற்றிவிட்ட நினைப்போடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த லைன் இருந்த இடத்தில் அடுக்குமாடி. கீழேயே ஒரு கடையில் ராகிக் களியை ஆரோக்கிய உணவு என்று போர்டு மாட்டி விற்கிறார்கள். போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். பேத்தியைக் கூப்பிட்டு, "இந்தத் தாத்தா மட்டும் அன்னைக்கு உதவலைன்னா உங்க தாத்தாவுக்கு வேலையே இல்ல. கும்பிட்டுக்க" என்றார். அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள்.